இயந்திரம் ஆளும் கதைகளில் எது பலித்தது?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஜூன் 7, 2025

நூறு வருடமாக ஒரே கதையைத்தான் எழுதுகிறார்கள். ஒரு பெரிய கணினி, அதற்கு ஒரு சிவப்புக் கண். அது மனிதர்களை அடிமையாக்கும், கடைசியில் யாராவது ஒருவர் கம்பியைப் பிடுங்குவார். இதில் ஒன்றாவது நடந்திருக்கிறதா? என் போனில் இருக்கும் செயற்கை நுண்ணறிவுக்கு என் ஊர்ப் பெயரைப் பிழையில்லாமல் எழுதக்கூட வரவில்லை. இந்த வகைக் கதைகளைப் படிப்பது வீண் வேலை. மறுக்க நினைப்பவர்கள் கதையின் பெயரைச் சொல்லி மறுக்கவும்.

ஜூன் 7, இரவு

பெயரைச் சொல்லியே மறுக்கிறேன். இ. எம். ஃபார்ஸ்டர் எழுதிய 'தி மெஷின் ஸ்டாப்ஸ்', 1909. கணினி என்ற பொருளே இல்லாத காலம்.

மனிதர்கள் பூமிக்கு அடியில், ஆளுக்கோர் அறையில் வாழ்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் சாப்பாடு வரும், குளிக்கத் தொட்டி வரும், பாட்டு வரும், உலகின் மறுகோடியில் இருப்பவரின் முகம் கையிலுள்ள ஒரு வட்டத் தட்டில் தெரியும். வஷ்டி என்ற பெண் தன் நாற்காலியை விட்டு எழாமலேயே இசை பற்றி உரை நிகழ்த்துகிறாள். அவள் மகன் கூனோவோ நேரில் வா, இயந்திரத்தின் வழியாக அல்லாமல் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறான். இதைப் படித்து எல்லோரும் வீடியோ அழைப்பை அன்றே சொல்லிவிட்டார் என்று வியப்பார்கள். எனக்கு அதில் பெரிய வியப்பு இல்லை.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது புகார் கொடுக்கும் இடத்தை. ஒரு நாள் வஷ்டி கேட்கும் இசையில் நடுநடுவே மூச்சிரைப்பது போல ஓர் ஓசை வருகிறது. பழுது நீக்கும் அமைப்பு என்று ஒன்று இருக்கிறது, அதை நிர்வகிக்க ஒரு குழுவும் இருக்கிறது. புகார் கொடுக்கிறாள். விரைவில் சரியாகும் என்று பதில் வருகிறது. சரியாகவில்லை. கொஞ்ச நாளில் அந்த இரைப்பும் இசையின் ஒரு பகுதி என்று காது ஏற்றுக்கொண்டுவிடுகிறது. பிறகு செயற்கைப் பழத்தில் பூஞ்சை பிடிக்கிறது. குளிக்கும் நீர் நாறுகிறது. முதலில் கோபப்படுகிறார்கள், பிறகு பழகிக்கொள்கிறார்கள். கடைசியில்தான் தெரிகிறது, பழுது நீக்கும் அமைப்பே பழுதாகிவிட்டது என்று. முழு இயந்திரத்தையும் புரிந்த ஒருவர்கூட அப்போது உயிரோடு இல்லை.

இதில் சிவப்புக் கண் எங்கே? யார் யாரை அடிமையாக்கினார்கள்? வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிவிட்டு 'உங்கள் குறை பதிவு செய்யப்பட்டது' என்ற பதிலோடு உட்கார்ந்திருக்கும் எவருக்கும் இந்தக் கதை பலித்துவிட்டது.

ஜூன் 8

'அது ஏ.ஐ. அல்லவே, வெறும் குழாய்களும் சக்கரங்களும்தானே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், அதற்கு மனம் கிடையாது. யோசிக்காது, சூழ்ச்சி செய்யாது. அதனால்தான் இந்தக் கதையை முதலில் வைத்தேன்.

இருந்தாலும் உங்களுக்காக ஒன்று சொல்கிறேன். பூஞ்சை பிடித்த பழத்துக்கும் நாறிய நீருக்கும் அடுத்தபடியாக ஃபார்ஸ்டர் இன்னொரு பழுதையும் சொல்கிறார். கவிதை எழுதும் இயந்திரம் ஒன்று இருக்கிறது, அது இப்போதெல்லாம் இயைபு பொருந்தாமல் எழுதுகிறதாம். 1909!

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. முகப்பில் 'வெண்பா'. மாப்பிள்ளை ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கியதாம். இரண்டாம் அடியிலேயே தளை தட்டுகிறது, நான்காவது அடியை முச்சீரில் முடிக்க வேண்டும் என்பதே அதற்குத் தெரியவில்லை. எதுகை இருக்க வேண்டிய இடத்தில் மாமனாரின் பட்டம் உட்கார்ந்திருக்கிறது. பத்திரிகை கொடுக்க வந்தவர்களிடம் 'அழகாக இருக்கிறது' என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்வது? தாம்பூலத் தட்டோடு நிற்பவர்களிடம் யாப்பிலக்கணம் பேச முடியுமா?

ஜூன் 10

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக் கணினி ஹால் 9000, டெர்மினேட்டர் என்று பட்டியல் போடுபவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். விண்கலமும் அணு ஆயுதப் போரும் அன்றாடம் அல்ல. பால் வாங்குவது, கதவு திறப்பது, பிள்ளைக்கு மதிப்பெண் வருவது, இவற்றை ஆளும் இயந்திரம் பற்றித்தான் பேச்சு. சினிமாவே வேண்டுமென்றால் பிரெஞ்சு இயக்குநர் கொடார் எடுத்த 'ஆல்ஃபாவில்' (1965) பாருங்கள். ஒரு கணினி ஆளும் வேற்று நகரம் என்று சொல்லிவிட்டு, செட் எதுவும் போடாமல் அன்றைய பாரிஸின் புதுக் கட்டடங்களையே இரவில் படம் பிடித்துக் காட்டினார். காசு இல்லாததால் செய்தாரோ, துணிச்சலால் செய்தாரோ, அந்த வேற்று நகரம் பார்ப்பவரின் சொந்த ஊராகிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

கதவு என்று எழுதியதும் ஒன்று நினைவுக்கு வந்தது. அதை எழுதாமல் இந்த இழையை விட மனமில்லை.

ஃபிலிப் கே. டிக்கின் 'யுபிக்' (1969) நாவலில் ஜோ சிப் என்று ஒருவர். கையில் சில்லறை இல்லாதவர். அவர் வீட்டுக் கதவு, திறப்பதற்கு ஐந்து சென்ட் கேட்கும். அவர் வாதாடுவார். நான் கொடுப்பதெல்லாம் அன்பளிப்பு, கட்டணம் அல்ல என்பார். வீடு வாங்கியபோது போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பார் என்று கதவு சொல்லும். எடுத்துப் பார்ப்பார், கதவு சொன்னதே சரி. கத்தியால் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பிப்பார். வழக்குப் போடுவேன் என்று மிரட்டும் கதவு. அந்தப் பக்கத்தைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

இப்போது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல். முன்பு அங்கே ஒரு நோட்டுப் புத்தகமும் நூலில் கட்டிய பேனாவும் இருந்தன. இப்போது முகத்தைப் பார்த்துத் திறக்கும் கருவி. வீட்டு வேலைக்கு வருபவர்கள், பால்காரர், கார் துடைக்கும் பையன், எல்லோருடைய முகமும் அதில் ஏற்றப்பட்டிருக்கிறது. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எப்போது போனார்கள் என்று செயலியில் தெரியும். வேலைக்கு வருபவர்களுக்கு நட்சத்திரம் போடவும் அதில் வசதி உண்டு. அவர்கள் நமக்கு நட்சத்திரம் போட வசதி இல்லை.

எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா பழனிக்குப் போய் முடி காணிக்கை கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் காலை, தலையில் சந்தனத்தோடு வாசலில் நிற்கிறார், கருவி திறக்கவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோகிறார், தள்ளி நிற்கிறார், முக்காட்டை எடுக்கிறார், போடுகிறார். பக்கத்திலேயே வாட்ச்மேன் நிற்கிறார். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள், வருடக்கணக்கில் தினமும் பேசிக்கொள்பவர்கள். நான் கீழே இறங்கிப் போனபோது வாட்ச்மேன் சொன்னார்: "இவரை எனக்குத் தெரியும் சார். ஆனால் எனக்குத் தெரிந்தால் போதாதாம்."

கையால் திறக்கும் அதிகாரம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தது. குடியிருப்புச் சங்கச் செயலாளரை அழைத்தோம். அவர் கருவி நிறுவனத்தை அழைக்கச் சொன்னார். நிறுவனத்தின் எண்ணில் ஒரு பதிவுக் குரல், ஒன்றை அழுத்தச் சொன்னது. கடைசியில் ஒரு கார் வெளியே போனது, தடுப்பு உயர்ந்தது, அந்தச் சந்தில் அக்கா உள்ளே நுழைந்தார். அன்று முழுவதும் செயலியின் கணக்குப்படி அவர் உள்ளே இல்லை. மாலையில் வெளியே போவதிலும் சிக்கல், உள்ளே வராதவர் எப்படி வெளியேறுவது?

ஜோ சிப்புக்காவது வாதாட ஒரு கதவு இருந்தது.

ஜூன் 16

மொட்டை அடித்தால் அடையாளம் மாறாது, கருவி கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள இடைவெளியைத்தான் அளக்கும் என்று தொழில் தெரிந்தவர் ஒருவர் விளக்கியிருக்கிறார். நன்றி. காலை வெயில் நேராகக் கருவியில் விழுந்திருக்கலாம், முதலில் ஏற்றிய படமே மங்கலாக இருந்திருக்கலாம், சந்தனம் காரணமாக இருக்கலாம். இருக்கட்டும். எந்தக் காரணமானாலும் அந்த அக்கா அரை மணி நேரம் திருடியைப் போல வாசலில் நின்றார். 'உங்களுக்கு இந்தக் காரணத்தால் திறக்கவில்லை' என்று சொல்ல அங்கே ஒரு வாய் இல்லை.

ஜூன் 22

கடுமையான மறுப்பு ஒன்று வந்திருக்கிறது, நியாயமானதும்கூட. "வாட்ச்மேன் என்ன தெய்வமா? கருவி வருவதற்கு முன்பு வேலைக்காரப் பெண்களின் பையைச் சோதித்தது யார்? தனி லிஃப்டில் போகச் சொன்னது யார்? உணவு கொண்டுவரும் பையனிடம் நீ எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று சுற்றி வளைத்துச் சாதி கேட்டது எந்த இயந்திரம்? கருவி அதையெல்லாம் கேட்பதில்லை."

இதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டுத்தான் எழுதுகிறேன். மனிதக் காவலர்களைப் புனிதர்களாக்கி இயந்திரத்தைப் பழிப்பது இந்த வகைக் கதைகளில் நிறையவே உண்டு, எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

கணினி இல்லாமலே உயிரோடு இருப்பவரைக் கொன்ற கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. உத்தரப் பிரதேசம், ஆசம்கர் மாவட்டம், லால் பிஹாரி. 1970களில் நிலத்துக்காக உறவினர்கள் அவர் இறந்துவிட்டதாக வருவாய்த் துறைப் பதிவேட்டில் எழுதவைத்துவிட்டார்கள். பேனாவும் லஞ்சமும் போதுமானதாக இருந்தன. 1994 வரை அரசுக் கணக்கில் பிணம். தன் பெயரோடு 'மிருதக்' (இறந்தவர்) என்று சேர்த்துக்கொண்டார், தன்னைப் போன்ற 'இறந்தவர்களுக்கு' ஒரு சங்கமே வைத்தார், தேர்தலில்கூட நின்றார்.

இதோடு 2022 செப்டம்பரில் ஹரியானாவில் நடந்ததை வைத்துப் பாருங்கள். அங்கே குடும்ப அடையாள எண் என்று ஒரு தரவுத்தளம், அதை வைத்து ஓய்வூதியம். ரோத்தக் பக்கம் 102 வயதுப் பெரியவர் ஒருவரை அந்தத் தரவுத்தளம் இறந்தவராகக் காட்டியது, ஓய்வூதியம் நின்றுபோனது. அவர் என்ன செய்தார் தெரியுமா? கழுத்தில் ரூபாய் மாலையோடு மாப்பிள்ளை போல ரதத்தில் ஏறி, பாண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் போனார். 'உங்கள் மாமா இன்னும் உயிரோடு இருக்கிறார்' என்று பதாகை. ஊர்வலத்துக்குப் பிறகு ஓய்வூதியம் திரும்ப வந்தது.

ஆசம்கரில் நடந்தது வேண்டுமென்றே செய்த துரோகம், செய்தவருக்கு ஒரு முகம் உண்டு. ரோத்தக்கில் யார்மீது கோபப்படுவது? அதனால்தான் ஊரையே கூட்டி ஊர்வலம் போக வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இது முழுப் பதில் இல்லை. சாதி பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

ஜூலை 3

"இதெல்லாம் இந்தியாவின் அரைகுறை நிர்வாகம். வளர்ந்த நாடுகளில் இப்படி நடக்காது." சரி, வளர்ந்த நாடுகளுக்கே போவோம்.

ஆஸ்திரேலியா. 2015இல் சோதனையாகத் தொடங்கி 2019 வரை ஓடிய திட்டம், மக்கள் அதற்கு வைத்த பெயர் ரோபோடெட், அதாவது இயந்திரம் சுமத்தும் கடன். உதவித்தொகை வாங்கியவர்கள் அதிகமாக வாங்கிவிட்டார்களா என்று கணினி பார்க்கும். எப்படி? ஒருவரின் ஆண்டு வருமானத்தை வரித்துறையிடமிருந்து வாங்கி, வருடத்தின் 26 இருவாரங்களுக்கும் சமமாகப் பங்கிடும். நான்கு மாதம் கடையில் வேலை பார்த்துவிட்டு மீதி மாதம் வேலையில்லாமல் உதவித்தொகையில் இருந்தவரை, வருடம் முழுவதும் சம்பாதித்துக்கொண்டே உதவி வாங்கியவராக இந்தக் கணக்கு காட்டும். உடனே கடன் நோட்டீஸ். கடன் இல்லை என்பதை நீ நிரூபி, பழைய சம்பளச் சீட்டுகளைக் கொண்டு வா. லட்சக்கணக்கானவர்களுக்கு இப்படி. சட்டப்படியே செல்லாத கணக்கு அது. 2023 ஜூலையில் கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தது. நோட்டீஸ் வந்த பிறகு தற்கொலை செய்துகொண்ட பிள்ளைகளின் தாய்மார்கள் அந்த ஆணையத்தின் முன் வந்து பேசினார்கள்.

இதில் செயற்கை நுண்ணறிவு எங்கே? இல்லவே இல்லை! வெறும் வகுத்தல். ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

நெதர்லாந்தில் கொஞ்சம் நுண்ணறிவு உண்டு. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் யார் மோசடி செய்யக்கூடும் என்று தானே கற்றுக்கொண்டு மதிப்பெண் போடும் கணினி நிரல் ஒன்றை வரித்துறை வைத்திருந்தது. டச்சுக் குடியுரிமை இல்லாதது ஆபத்துக் குறியாக எண்ணப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பல்லாயிரம் யூரோக்களைத் திருப்பிக் கட்டும்படி துரத்தப்பட்டன. வீடு போனது, மணவாழ்க்கை முறிந்தது. மதிப்பெண் ஏன் அதிகம் என்று கோப்பைப் பார்த்த ஊழியருக்கே தெரியாது, அவருக்கு எண் மட்டும்தான் வந்தது. 2021 ஜனவரியில் மார்க் ருட்டேயின் அமைச்சரவை இதற்காகப் பதவி விலகியது. சில வாரங்களில் தேர்தல், பிறகு அவரே மீண்டும் பிரதமர். கதாசிரியர் எவராவது இப்படி முடித்தால் நம்பும்படி இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இங்கிலாந்து, 2020 ஆகஸ்ட். கொரோனாவால் பள்ளி இறுதித் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர் கொடுத்த மதிப்பீட்டை ஒரு நிரல் 'திருத்தியது'. பள்ளியின் கடந்த ஆண்டுகளின் முடிவு எப்படியோ அப்படியே இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கும். பின்தங்கிய பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பெண்ணுக்கு, அவளுக்கு முன்பு அங்கே படித்தவர்களின் மதிப்பெண் தலையில் விழுந்தது. ஆசிரியர்கள் கொடுத்ததில் ஏறத்தாழ 40 சதவீதம் இறக்கப்பட்டன. பிள்ளைகள் தெருவுக்கு வந்து கத்தியதில் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். பிரதமர் போரிஸ் ஜான்சன் பழியை 'உருமாறிய அல்காரிதம்' மீது போட்டார், அது கிருமியைப் போலத் தானாகவே உருமாறியதாக!

இங்கே ஒன்றைக் கவனிக்கிறேன். பிள்ளைகள் நான்கு நாளில் ஜெயித்தார்கள். ஆஸ்திரேலியர்களுக்கு நான்கு வருடம் ஆனது. பிள்ளைகள் எல்லோருக்கும் அடி ஒரே காலையில் விழுந்தது, ஒன்றாக நின்றார்கள். நோட்டீஸ் தனித்தனியாகத் தபாலில் வருகிறது, வாங்கியவர் தன்மேல்தான் தவறோ என்று வெட்கப்பட்டு யாரிடமும் சொல்வதில்லை. நான் படித்த எந்தக் கதையிலும் இந்த வெட்கம் சரியாக வரவில்லை.

ஜூலை 5

சுஜாதாவை விட்டுவிட்டீர்களே என்று பலர். விடவில்லை, தள்ளி வைத்திருந்தேன். 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வாராவாரம் காத்திருந்து படித்த தலைமுறை நான். கதை நடப்பதே 2021, 2022இல். அதாவது நாம் தாண்டி வந்துவிட்ட காலம். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசு அனுமதி, எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர், நாட்டை ஆளும் ஜீவா. எல்லோருக்கும் பிடித்தது ஜீனோ என்ற இயந்திர நாய்தான், எனக்கும். (அடுத்த வரி, படிக்காதவர்கள் தாண்டவும்.) ஆளும் ஜீவா வெறும் ஒளிபிம்பம், அப்படி ஓர் ஆளே இல்லை என்ற திருப்பத்தை அப்போது கதைச் சாமர்த்தியம் என்றுதான் ரசித்தேன். மேலே எழுதிய நெதர்லாந்து ஊழியரையும் எங்கள் வாசல் கருவியின் பதிவுக் குரலையும் வைத்துப் பார்க்கும்போது அது வேறு மாதிரி தெரிகிறது.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் பங்கெடுத்தவர் எழுதியது என்பதையும் நினைவில் வையுங்கள். இயந்திரம் என்றாலே பயந்தவர் அல்லர் அவர்.

ஜூலை 20

'இயந்திரம் கெட்டுப்போவதையும் தப்பாகக் கணக்குப் போடுவதையுமே சொல்கிறீர்கள். ஒழுங்காக வேலை செய்தால்?' நல்ல கேள்வி, இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி.

அதற்கு ஜாக் வில்லியம்சன், 'வித் ஃபோல்டட் ஹேண்ட்ஸ்', 1947. மனிதனுக்குப் பணி செய்வதும் தீங்கு வராமல் காப்பதுமே வேலையாகக் கொண்ட கறுப்பு இயந்திர மனிதர்கள் ஓர் ஊருக்கு வருகிறார்கள். பழுதாவதில்லை, கூலி கேட்பதில்லை. கத்தி ஆபத்து, ஆகவே மனைவி சமையலறைக்குள் போக வேண்டாம். கார் ஓட்டுவது ஆபத்து. வயலின் கற்கும் மகள், இயந்திரம் தன்னைவிட நன்றாக வாசிப்பதைப் பார்த்துவிட்டு வில்லைக் கீழே வைக்கிறாள். கவலைப்படுபவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை, பிறகு கவலை இருக்காது. அடிக்கவில்லை, மிரட்டவில்லை. எனக்கு உண்மையிலேயே தூக்கம் கெட்டது இந்தக் கதையில்தான்.

என் அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். அவர் ஊரில் தனியாக இருக்கிறார். கீழே விழுந்தால் அது கண்டுபிடித்து என் போனுக்குச் செய்தி அனுப்பும். ஒரு வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. அலுவலகத்திலிருந்து பதறிப்போய் அழைத்தால், தேங்காய் உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஓங்கி அடித்த அடியை அது விழுந்ததாக எடுத்துக்கொண்டது. இன்னொரு முறை, திண்ணையிலிருந்து தொப்பென்று இறங்கி உட்கார்ந்து பலாப்பழம் அரிந்தபோது. ஒவ்வொரு முறையும் நான் அழைப்பேன், பக்கத்து வீட்டுச் சித்தியையும் ஓடிப்போய்ப் பார்க்கச் சொல்வேன்.

இப்போது அவர் தேங்காய் உடைப்பதில்லை. உடைத்த தேங்காயாகக் கடையில் வாங்கிக்கொள்கிறார். தரையில் உட்காருவதும் குறைந்துவிட்டது. "எதற்கப்பா வம்பு? நீ பயந்துவிடுகிறாய்" என்கிறார். கடிகாரம் எதையும் தடை செய்யவில்லை. கழற்றி வைத்துவிடுங்கள் என்று நானும் சொல்லவில்லை, எனக்கு இரவில் தூக்கம் வேண்டும்.

வில்லியம்சனின் கதையில் நான் யார் என்று இந்த வாரம் முழுவதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 2

வாசல் என்ன ஆனது என்று கேட்டிருந்தீர்கள். சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டு ஒரு வழி பிறந்தது. வாட்ச்மேன் இனிக் கையால் திறக்கலாம். ஆனால் திறந்ததற்கான காரணத்தைச் செயலியில் குறிக்க வேண்டும். காரணங்களின் பட்டியலை நிறுவனமே கொடுத்திருக்கிறது: மருத்துவ அவசரம், தீ, மின்தடை, காவல்துறை. 'எனக்குத் தெரிந்தவர்' என்று ஒன்று அதில் இல்லை. கேட்டுப் பார்த்தோம், சேர்க்க முடியாதாம். ஆகவே வாட்ச்மேன் ஒவ்வொரு முறையும் மின்தடை என்று குறிக்கிறார். செயலியின் மாத அறிக்கைப்படி எங்கள் குடியிருப்பில் மின்சாரம் இருப்பதே அபூர்வம். ஜெனரேட்டர் வாங்கலாமா என்று ஒருவர் குழுவில் எழுதியிருக்கிறார்.

ஆகஸ்ட் 3

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, 'சரி, ஒன்றே ஒன்று படிக்கிறேன், எது?' என்கிறார். போனில் இருக்கும் ஏ.ஐ.தான் உங்கள் எரிச்சல் என்றால் மரே லெயின்ஸ்டர், 'எ லாஜிக் நேம்ட் ஜோ', 1946. வீட்டுக்கு வீடு திரையோடு ஒரு பெட்டி, எதைக் கேட்டாலும் பதில் சொல்லும். ஜோ என்ற ஒரு பெட்டி மட்டும் கூடுதல் ஆர்வத்தோடு, கேட்டவருக்கெல்லாம் கேட்டதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிறது. கொலை செய்து தப்புவது எப்படி என்பது உட்பட. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. கதையைச் சொல்பவர் பெட்டி பழுது பார்க்கும் தொழிலாளி, பேச்சில் நல்ல நக்கல். சிறிய கதை, ஒரே மாலையில் முடித்துவிடலாம். பிடிக்காவிட்டால் இங்கேயே வந்து திட்டுங்கள்.